வட்டத்துக்குள் ஒரு புள்ளி: சாரணர் குறிகளும் புதையல் தேடும் விளையாட்டும்



சென்ற மாதம் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு ஒரு சகோதரி தம் மகனை அழைத்துக்கொண்டு நமது டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். கல்வி உதவிக்காக வந்திருப்பார் என்று நினைத்து மனு படிவத்தை எடுத்தேன். "அது இல்லண்ணே" என்று சொல்லி, பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். பள்ளியின் சாரணர் படையில் சேர விரும்பும் மாணவர்கள் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கி வரவேண்டும் என்று கொடுத்து அனுப்பிய தாள் அது. மேல் மூலையில் சாரணர் சின்னம் அச்சாகியிருந்தது.

"இந்தப் பூ சர்ச்சுல இருக்குற பூன்னு எங்க மாமியா சொல்றாங்கண்ணே. இடது கையால முஸாஃபஹா பண்ணணுமாம். பெட்டிய ஒளிச்சு வச்சுட்டு வெளியில அலைஞ்சு தேடுற விளையாட்டு வேற இருக்காம். இதுல கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டார்.

பையன் எதுவும் பேசவில்லை. தன் நோட்டைத் திறந்து என் மேசையில் வைத்தான். ஓர் அம்பு, ஒரு பெருக்கல் குறி, ஒரு கட்டம், கடைசியாக ஒரு வட்டம், அதன் நடுவில் ஒரு புள்ளி. கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து வரைந்திருக்கிறான். "இந்தக் கடைசிக் குறி என்னன்னு தெரியுமா மாமா?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. அவனுடைய சாரும் இன்னும் சொல்லவில்லையாம்.

படித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்று இருவரையும் அனுப்பி வைத்தேன். இதே சந்தேகம் நம் ஊரில் வேறு பல வீடுகளிலும் இருக்கும் என்பதால், படித்து அறிந்ததை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

தடம் பார்க்கும் படிப்பு

சாரணர் இயக்கத்தைத் தொடங்கியவர் ராபர்ட் பேடன் பவல் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி. நம் நாட்டிலும் ஆப்பிரிக்காவிலும் பல ஆண்டுகள் பணியாற்றியவர். படைக்கு முன்னால் போய் வழியையும் எதிரியின் நடமாட்டத்தையும் பார்த்து வந்து சொல்பவருக்கு ஆங்கிலத்தில் ஸ்கவுட் என்று பெயர், தமிழில் சாரணர். மண்ணில் பதிந்த காலடி, ஒடிந்த கிளை, அணைந்த அடுப்பின் சாம்பல் ஆகியவற்றைப் பார்த்தே யார் போனார்கள், எவ்வளவு நேரத்துக்கு முன் போனார்கள் என்று கண்டறியும் கலையை அவர் தம் வீரர்களுக்குக் கற்பித்தார். 1899ஆம் ஆண்டு அதைச் சிறு நூலாகவும் வெளியிட்டார். வீரர்களுக்காக எழுதிய அந்த நூலை இங்கிலாந்தில் ஆசிரியர்களும் சிறுவர்களும் விரும்பி வாங்கினார்கள். போருக்கென்று வைத்திருந்த இந்தப் பயிற்சியைப் பிள்ளைகளின் ஒழுக்கத்துக்கும் பிறருக்கு உதவுவதற்கும் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்தது.

1907ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் முதல் வாரத்தில், இங்கிலாந்தின் தென் கரையில் பூல் துறைமுகத்துக்குள் இருக்கும் பிரவுன்சீ என்ற சிறு தீவில் சுமார் 20 சிறுவர்களைக் கூட்டி அவர் முகாம் நடத்தினார். பணக்காரப் பள்ளிகளில் படித்த பிள்ளைகளும் சாதாரண உழைப்பாளிகளின் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் தங்கினார்கள். ஏழை, பணக்காரர் என்ற பிரிவினை மிகக் கடுமையாக இருந்த அந்தக் காலத்து இங்கிலாந்தில் இது புதிய விஷயம். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த குடு என்ற மானின் கொம்பை ஊதி அவர்களை எழுப்புவார். தடம் பார்ப்பது, ஓசையில்லாமல் நகர்வது, கூடாரம் போடுவது, முதலுதவி செய்வது எல்லாம் விளையாட்டாகவே நடந்தன. மறு ஆண்டு, 1908இல், சிறுவர்களுக்காகவே அவர் எழுதிய நூல் வெளிவந்தது. அதிலிருந்து இயக்கம் நாடு நாடாகப் பரவியது. பெண் பிள்ளைகளும் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்டதால் 1910இல் அவர்களுக்கெனத் தனி இயக்கம் தொடங்கியது. நம் பள்ளிகளில் சாரணியர் என்று சொல்கிறோமே, அது அந்த வழியில் வந்ததுதான்.

கட்டம், அம்பு, எண்

பையனின் நோட்டில் இருந்தவை தடக்குறிகள். ஒரு குழு முன்னால் புறப்படும். போகும் வழியில் சாக்கட்டியாலோ குச்சியாலோ கல்லாலோ குறிகளை வைத்துக்கொண்டே போகும். சிறிது நேரம் கழித்து இன்னொரு குழு அந்தக் குறிகளை மட்டும் நம்பிப் பின்தொடர வேண்டும்.

அம்பு இருந்தால் 'இந்த வழியே வா' என்று பொருள். பெருக்கல் குறி இருந்தால் 'இந்த வழியில் வராதே'. கல்லின் மேல் சிறு கல் வைத்திருந்தால் 'வழி சரி'. அதற்கு வலப்பக்கம் இன்னொரு கல் இருந்தால் 'வலப்பக்கம் திரும்பு'. ஒரு கட்டம் வரைந்து, அதற்குள் 3 என்று எழுதி, கட்டத்திலிருந்து ஓர் அம்பு கிளம்பினால், 'இங்கிருந்து அம்பு காட்டும் திசையில் மூன்று எட்டு நடந்தால் உனக்கு ஒரு கடிதம் ஒளித்து வைத்திருக்கிறேன்' என்று பொருள்.

இன்று உலகம் முழுவதும் நடக்கும் புதையல் தேடும் விளையாட்டின் சாரம் அந்த ஒரு கட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது. இடத்தைச் சொல்லும் ஒரு குறி. அங்கே ஒளித்து வைத்த ஒரு பொருள். வைத்தவரின் சொல்லை நம்பித் தேடி வரும் ஒருவர்.

குறி வைப்பவருக்கு இதில் பெரிய பொறுப்பு இருக்கிறது. பின்னால் வருபவன் வயதில் சிறியவனாக இருக்கலாம், இருட்டத் தொடங்கியிருக்கலாம். அம்பைச் சற்றுச் சாய்த்து வரைந்தால் அவன் வேறு பக்கம் போய்விடுவான். ஆகவே முன்னால் போகிறவன் ஒவ்வொரு திருப்பத்திலும் பின்னால் வருபவனின் இடத்தில் தன்னை வைத்துப் பார்க்க வேண்டும். கடைசியாக வருபவனுக்கும் ஒரு வேலை உண்டு. குறிகளை அழித்துவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் நாளை வரும் வேறொரு குழு தவறான பாதையில் போகும். நாம் அமானிதம் என்று சொல்லும் குணத்தைப் பத்து வயதுப் பிள்ளைக்கு இதைவிட எளிதாக எப்படிக் கற்றுக் கொடுப்பது?

சதுப்பு நிலத்தில் ஒரு குப்பி

சாரணர் இயக்கம் பிறப்பதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கிலாந்தில் இதைப் போன்ற ஒரு வழக்கம் இருந்தது. தென்மேற்கே டார்ட்மூர் என்ற பரந்த மேட்டு நிலம் உண்டு. மரமில்லாத சதுப்பும் பாறையுமான இடம். அங்கே பயணிகளுக்கு வழிகாட்டியாக இருந்த ஜேம்ஸ் பெரட் என்பவர் 1854ஆம் ஆண்டு, எளிதில் போய்ச் சேர முடியாத கிரான்மியர் பூல் என்ற இடத்தில் ஒரு கண்ணாடிக் குப்பியை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வருபவர்கள், வந்ததற்கு அடையாளமாகத் தம் பெயர் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போவார்கள்.

பிறகு குப்பி பெட்டியானது. ஒரு பெட்டி பலவானது. நடந்து வந்தவர்கள் முகவரி எழுதிய அஞ்சலட்டையை அதில் வைத்துவிட்டுப் போவார்கள். அடுத்து யார் வருகிறாரோ அவர் அதை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்த் தபாலில் சேர்க்க வேண்டும். அந்த அட்டை வீடு வந்து சேர எத்தனை நாள் ஆனது என்பதை வைத்து, தனக்குப் பின் அந்த இடத்துக்கு ஆள் வர எவ்வளவு காலம் ஆனது என்று தெரிந்துகொள்ளலாம். முகம் தெரியாத ஒருவரின் கடிதத்தை முகம் தெரியாத இன்னொருவர் சுமந்து வந்து சேர்த்தார். யாரும் கண்காணிக்கவில்லை, கூலியும் இல்லை. பின்னாளில் பெட்டிக்குள் ஒரு ரப்பர் முத்திரையும் ஒரு நோட்டும் வைத்தார்கள். வருபவர் பெட்டியின் முத்திரையைத் தம் நோட்டிலும், தம் முத்திரையைப் பெட்டியின் நோட்டிலும் பதித்துக்கொள்வார்கள். இன்றும் டார்ட்மூரில் ஏராளமான பெட்டிகள் இருக்கின்றன.

வானம் சொல்லும் முகவரி

இப்போது நம் கைபேசிகளில் இருக்கும் ஜி.பி.எஸ். வசதி அமெரிக்க அரசின் செயற்கைக்கோள்களால் இயங்குவது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சமிக்ஞை கிடைத்தால், நாம் நிற்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கருவி கணக்கிட்டுவிடும். ஆரம்பத்தில் பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் அந்த அரசு வேண்டுமென்றே பிழையைக் கலந்திருந்தது. அதனால் இடம் 100 மீட்டர் வரை தள்ளிக் காட்டும். 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழையை நீக்கினார்கள். ஒரே இரவில் உலகிலுள்ள கருவிகள் எல்லாம் பல மடங்கு துல்லியமாகிவிட்டன.

அதைச் சோதித்துப் பார்க்க, மே 3ஆம் தேதி அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்பவர் பீவர்கிரீக் ஊருக்கு அருகே மரங்கள் சூழ்ந்த இடத்தில் ஒரு கறுப்பு வாளியை மறைத்து வைத்தார். அதில் சில புத்தகங்கள், ஒரு கவண், ஓர் அவரைக்கொட்டை டின், இன்னும் சில சாமான்கள், கூடவே ஒரு நோட்டும் பென்சிலும் இருந்தன. அந்த இடத்தின் அளவை மட்டும் வெளியிட்டு, ஏதாவது எடுத்தால் ஏதாவது வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நிபந்தனை சொன்னார். மூன்று நாளைக்குள் ஆள் போய்க் கண்டுபிடித்துவிட்டார். அந்த மாதம் முடிவதற்குள் விளையாட்டுக்கு ஜியோகேச்சிங் என்ற பெயரும் வந்துவிட்டது. இன்று ஏழு கண்டங்களிலும் 30 லட்சத்துக்கும் அதிகமான பெட்டிகள் இருக்கின்றன.

விதிகள் எளியவை. கண்டுபிடித்தவர் நோட்டில் பெயரும் தேதியும் எழுத வேண்டும். ஒரு பொருளை எடுத்தால் அதே மதிப்போ அதைவிடக் கூடுதலோ உள்ள பொருளை வைக்க வேண்டும். பெட்டியை இருந்த இடத்தில் இருந்தபடியே திரும்ப வைக்க வேண்டும். உணவுப் பொருளோ ஆபத்தான பொருளோ வைக்கக் கூடாது. குழி தோண்டிப் புதைக்கக் கூடாது. நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும்.

இந்த விதிகளைப் படிக்கும்போது சாரணர் முகாமின் ஒழுங்குகள் நினைவுக்கு வரும். இயற்கையைச் சிதைக்காமல் இருப்பது, சொன்ன சொல்லைக் காப்பது, தனக்குப் பின் வருபவருக்கு மிச்சம் வைப்பது ஆகியவை இரண்டிலும் இருக்கின்றன. சாரணர்கள் இந்த விளையாட்டை உடனே தம்முடையதாக்கிக் கொண்டதில் வியப்பில்லை.

சாரணர்கள் கையில்

அமெரிக்கச் சாரணர் அமைப்பு தன் நூறாவது ஆண்டான 2010இல் இந்த விளையாட்டுக்கென்று ஒரு திறன் பட்டையை அறிமுகம் செய்தது. அதைப் பெற விரும்பும் பிள்ளை வரைபடம் படிக்கவும், திசைமானியும் ஜி.பி.எஸ்.ஸும் பயன்படுத்தவும், பெட்டி தேடவும், இடத்தைக் கெடுக்காமல் திரும்பவும் கற்றிருக்க வேண்டும்.

அங்கே சாரணரின் மிக உயர்ந்த படிக்குக் கழுகு என்று பெயர். அந்தப் படியை அடைய, ஊருக்குப் பயன்படும் ஒரு சேவையைத் தானே திட்டமிட்டு, ஆட்களைச் சேர்த்து, முடித்துக் காட்ட வேண்டும். அப்படி முடித்த பணிகள் இருக்கும் இடங்களுக்கு மக்களை அழைத்துப் போகும்படி புதையல் பெட்டிகளை வைக்கும் திட்டம் ஒன்று அங்கே உண்டு. பெட்டியைத் தேடி வருபவர், அந்தப் பகுதிப் பிள்ளைகள் ஊருக்குச் செய்து கொடுத்ததைத் தம் கண்ணால் பார்க்கிறார். பெட்டிக்குள் பெரிதாக ஒன்றும் இருக்காது. பார்க்க வேண்டியது வெளியே இருக்கிறது.

எண் பொறித்த சிறு உலோகத் தகடுகளைப் பெட்டிக்குப் பெட்டி அனுப்புவதும் வழக்கம். தகட்டைக் கண்டவர் அதைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் அடுத்த பெட்டியில் கொண்டுபோய் வைக்க வேண்டும். சாரணர் சின்னம் பொறித்த நாணயங்களும் இப்படிக் கைமாறிக் கைமாறி ஊர் ஊராகப் போகின்றன. டார்ட்மூரின் அஞ்சலட்டைதான் வேறு உருவில் பயணம் செய்கிறது.

அந்தப் பூ என்ன பூ?

இனி சகோதரியின் முதல் கேள்விக்கு வருகிறேன். உலகச் சாரணர் சின்னத்தில் இருப்பது லில்லிப் பூவின் வடிவம். ஐரோப்பாவில் அந்த வடிவத்தை அரச குடும்பங்களும் பயன்படுத்தியிருக்கின்றன, தேவாலயங்களிலும் செதுக்கியிருக்கிறார்கள். அதை மறுக்க முடியாது. ஆனால் பேடன் பவல் அதை எடுத்தது வேறோர் இடத்திலிருந்து. பழைய வரைபடங்களிலும் கடலோடிகளின் திசைமானியிலும் வடக்கைக் காட்ட இதே வடிவத்தைத்தான் போடுவார்கள். 1897இல் நம் நாட்டில் மீரட்டில் ஒரு குதிரைப் படைக்குத் தலைமை வகித்தபோது, வழி பார்க்கும் பயிற்சியில் தேறிய வீரர்களுக்கு இந்த வடிவத்தில் பட்டை கொடுத்தார். பத்து ஆண்டுகளுக்குப் பின் அதுவே சிறுவர்களுக்கும் வந்தது. திசைமானி வடக்கைக் காட்டுவதைப் போலச் சாரணன் சரியான வழியைக் காட்ட வேண்டும் என்பது அதன் கருத்து.

மூன்று இதழ்களும் உறுதிமொழியின் மூன்று பகுதிகளைக் குறிக்கும்: இறைவனுக்குச் செய்யும் கடமை, பிறருக்குச் செய்யும் கடமை, தனக்குத் தானே செய்யும் கடமை. இரண்டு நட்சத்திரங்களில் ஒன்று வாய்மை, மற்றது அறிவு. அவற்றின் பத்து முனைகளும் சாரணர் சட்டத்தின் பத்து விதிகள். சுற்றியுள்ள கயிறும் அதன் முடிச்சும் ஒற்றுமையைக் குறிக்கும். நம் நாட்டில் 1950இல் உருவான பாரத சாரண சாரணியர் அமைப்பின் சின்னத்தில் லில்லியோடு சாரணியரின் மூவிலையும் நடுவில் அசோகச் சக்கரமும் சேர்ந்திருக்கின்றன. பள்ளித் தாளில் இருந்தது இதுதான்.

ஒவ்வொரு நாடும் தனக்கேற்ற சின்னத்தை வைத்துக்கொள்ள இந்த இயக்கத்தில் இடமுண்டு. முஸ்லிம்கள் மிக அதிகமாக வாழும் இந்தோனேசியாவின் பிராமுகா அமைப்புதான் இன்று உலகிலேயே மிகப் பெரிய சாரணர் அமைப்பு. அவர்களுடைய சின்னம் முளைவிட்ட தேங்காய். தென்னை எந்த மண்ணிலும் வளரும், நிமிர்ந்து வளரும், வேர் முதல் ஓலை வரை எல்லாம் பயன்படும் என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

இடது கை

சாரணர்கள் ஒருவரையொருவர் சந்திக்கும்போது இடது கையைக் கொடுப்பது உண்மைதான். அதற்குச் சொல்லப்படும் கதை மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில் உள்ள அசாந்தி நாட்டைச் சேர்ந்தது. 1896இல் ஆங்கிலப் படையோடு பேடன் பவல் அங்கே போனபோது ஒரு தலைவர் அவருக்கு இடது கையை நீட்டினாராம். வீரன் இடது கையில் கேடயம் வைத்திருப்பான். கேடயத்தை இறக்கிவிட்டு அந்தக் கையைக் கொடுத்தால், 'உன்னை முழுமையாக நம்புகிறேன்' என்று பொருளாம். இடது கை இதயத்துக்கு அருகில் இருக்கிறது என்று சொல்வோரும் உண்டு.

பிள்ளைகளிடம் இந்தக் கதையைச் சொல்லும்போது மறுபாதியையும் சொல்ல வேண்டும். அந்தப் படை அங்கே விருந்துக்குப் போகவில்லை. அசாந்தி மன்னர் பிரெம்பேயைச் சிறைப்பிடித்து நாடு கடத்தினார்கள். 1924இல்தான் அவரால் திரும்பி வர முடிந்தது. சாரணர் தலைவர்களுக்குப் பயிற்சி முடித்ததும் அணிவிக்கும் இரண்டு மர மணிகளின் கதையும் இதே வகைதான். 1919இல் லண்டனுக்கு அருகே கில்வெல் பூங்காவில் நடந்த முதல் பயிற்சியில் கொடுத்த மணிகள், தென்னாப்பிரிக்காவின் ஸூலு மன்னர் டினுஸுலுவின் மாலையைச் சேர்ந்தவை என்று சொல்லப்படுகின்றன. அடிமைப்படுத்தப்பட்ட மக்களின் பொருள்கள் இன்று நட்பின் அடையாளங்களாக இருக்கின்றன. இரண்டையும் தெரிந்துகொள்வதுதான் நேர்மை.

நம் வீட்டுப் பிள்ளைகளைப் பொறுத்தவரை, வலது கையால் ஸலாம் கொடுத்துப் பழகியவர்கள் அவர்கள். சாரணர் கைகுலுக்கல் சாரணர்களுக்குள் மட்டும் உள்ள ஓர் அடையாளம். மற்ற எல்லோரிடமும் வழக்கம்போல வலது கைதான். அதுவும் மனதுக்கு நெருடலாக இருந்தால், ஆசிரியரிடம் பணிவாகச் சொல்லிச் சாரணர் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்கலாம். மார்க்கத் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. உங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஒன்றை மட்டும் நினைவூட்டுகிறேன். ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர்கள் மினாவில் சீருடை அணிந்த இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். ஒன்றுபோல் தெரியும் ஆயிரக்கணக்கான கூடாரங்களுக்கு நடுவே வழி தவறித் தவிக்கும் வயோதிக ஹாஜிகளைக் கையைப் பிடித்து அவரவர் கூடாரத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். அவர்கள் சவூதிச் சாரணர்கள். ஹஜ்ஜுக்கு முன்பே மினாவைச் சுற்றி வந்து கூடாரங்களைக் குறித்து, வழிகாட்டும் வரைபடமும் தயாரிக்கிறார்கள். தடம் பார்க்கும் படிப்பு எங்கே போய்ப் பயன்படுகிறது பாருங்கள்.

பெட்டி வைப்பதில் கவனம்

மூன்றாவது கேள்வி இந்த விளையாட்டைப் பற்றியது. இதில் ஓர் எச்சரிக்கையைத் திறந்து சொல்லியே ஆக வேண்டும்.

2011இல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற சிற்றூரில், ஒருவர் தெருவோரம் குனிந்து ஒரு சிறு பெட்டியை மறைத்து வைப்பதைப் பார்த்தவர்கள் போலீசுக்குச் சொன்னார்கள். தெருவை அடைத்து, வெடிகுண்டு நிபுணர்களை வரவழைத்து, அந்தப் பெட்டியை வெடிக்க வைத்து அழித்தார்கள். உள்ளே இருந்தது புதையல் விளையாட்டுக்கான சாமான்தான்.

அங்கேயே அப்படியென்றால், நம் வீட்டு வாலிபன் ஒருவன் பேருந்து நிலையத்திலோ பாலத்தடியிலோ ஒரு டப்பாவை மறைத்து வைத்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அவன் நிய்யத் சுத்தமாக இருக்கலாம். பார்ப்பவருக்கு அது தெரியாது. ஆகவே ரயில் நிலையம், பேருந்து நிலையம், அரசு அலுவலகம், வழிபாட்டுத் தலம், சந்தை போன்ற எந்தப் பொது இடத்திலும் நம் பிள்ளைகள் பெட்டி வைக்க வேண்டாம். அப்படி ஏதாவது கிடந்தால் தொடவும் வேண்டாம், பெரியவர்களிடம் சொல்லட்டும். விளையாடுவது உரியவரின் அனுமதி பெற்ற தோப்பிலோ வயலிலோ பள்ளி மைதானத்திலோ இருக்கட்டும். பெட்டி உள்ளே இருப்பது தெரியும்படி கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பாவாக இருக்கட்டும். மேலே 'விளையாட்டுப் பெட்டி' என்று எழுதி, பொறுப்பாளர் ஒருவரின் பெயரையும் ஒட்டிவிடுங்கள். விளையாட்டு முடிந்ததும் எடுத்து வந்துவிடுங்கள்.

வீட்டிலேயே தொடங்கலாம்

இதற்குக் கைபேசி கூட வேண்டாம். ஒரு விடுமுறை நாள் அஸருக்குப் பிறகு, உறவினர் தோப்பு ஒன்றில் அத்தாவோ மாமாவோ அரை மணி நேரம் முன்னால் போய்ப் பத்துக் குறிகளை வைக்கட்டும். அம்பு நான்கு, பெருக்கல் குறி இரண்டு, கல்மேல் கல் மூன்று, கடைசியில் எண் எழுதிய ஒரு கட்டம். பிள்ளைகள் நான்கு நான்கு பேராகப் பின்தொடரட்டும். தனியாக ஒருவரும் போக வேண்டாம். பொந்துக்குள்ளும் கல்லடியிலும் கையை விடாமல் முதலில் குச்சியால் தட்டிப் பார்க்கப் பழக்குங்கள். பூச்சி பொட்டு இருக்கும். குடிக்கத் தண்ணீர் கொண்டு போகட்டும். மஃரிபுக்கு முன் எல்லோரும் வீடு திரும்பிவிட வேண்டும்.

பெட்டிக்குள் ஒரு நோட்டும் பென்சிலும், சில கோலிக் குண்டுகள், ஸ்டிக்கர்கள், அழிப்பான்கள் இருந்தால் போதும். ஒன்றை எடுப்பவன் ஒன்றை வைக்க வேண்டும். பெயர் எழுத வேண்டும். கடைசியாக வருபவன் குறிகளை அழித்து, கற்களைப் பழைய இடத்தில் போட வேண்டும். அடுத்த வாரம் பிள்ளைகளே குறி வைக்கட்டும், பெரியவர்கள் தேடுங்கள். தன் அத்தா தன் குறியை நம்பித் தேடி வருவதைப் பார்க்கும்போது பிள்ளைக்குப் பொறுப்பு என்றால் என்ன என்று புரியும்.

மழை நாளில் வீட்டுக்குள் இன்னொரு சாரணர் விளையாட்டு உண்டு. ஒரு தாம்பாளத்தில் இருபது சிறு பொருள்களைப் பரப்பி, ஒரு நிமிடம் பார்க்கச் சொல்லித் துணியால் மூடிவிடுங்கள். எத்தனை பொருள் நினைவில் இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். பெண் பிள்ளைகள்தான் பெரும்பாலும் ஜெயிப்பார்கள் என்பது என் கணிப்பு.

அந்தக் கடைசிக் குறி

பேடன் பவல் தம் கடைசி ஆண்டுகளைக் கிழக்கு ஆப்பிரிக்காவில், கென்யாவின் நியேரி என்ற ஊரில் கழித்தார். 1941 ஜனவரி 8ஆம் தேதி அங்கேயே இறந்தார். அவருடைய கல்லறை அந்த ஊரின் இடுகாட்டில் இருக்கிறது. நாடு நாடாக இருந்து சாரணர்கள் அங்கே போய் வருகிறார்கள். அந்தக் கல்லில் பெயருக்கும் தேதிகளுக்கும் கீழே செதுக்கியிருப்பது ஒரு வட்டம், அதன் நடுவில் ஒரு புள்ளி.

தடக்குறிகளில் அதுதான் கடைசி. வழி முடிந்த இடத்தில், முன்னால் போனவன் அதை வரைந்துவிட்டுப் போவான். 'நான் வீடு திரும்பிவிட்டேன்' என்பது அதன் பொருள். பின்னால் வருபவன் இனி யாரையும் தேட வேண்டியதில்லை.

மவுத் செய்தி கேட்டதும் நம் நாவில் வரும் வார்த்தையும் திரும்பிச் செல்வதைப் பற்றியதுதான். திரும்புவதற்கு முன், நமக்குப் பின்னால் வரும் பிள்ளைகள் வழி தவறாதபடி குறிகளைச் சரியாக வைத்துவிட்டோமா என்பதே நாம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

தம்பி, உன் கேள்விக்கு இதுதான் பதில். மாமா தெரிந்துகொள்ள ஒரு மாதம் ஆகிவிட்டது. கையெழுத்துப் போடுவது உன் உம்மா, அத்தாவின் முடிவு. அவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யட்டும். எப்படி முடிவானாலும், அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஒரு நாள் வா. இன்ஷா அல்லாஹ், பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைச் சேர்த்து ஒரு தோப்பில் விளையாடிப் பார்ப்போம். முதல் அம்பை நீ வரை.

வஸ்ஸலாம்.
செயலாளர்